நாளுக்கு நாலு விரல்

வெண்பாறை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிசனில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடு சுருங்கத் தொடங்கியது பிச்சைக்கனியிலிருந்துதான். தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலையில் முப்பத்தாறு வருஷம் இருந்து, ஐம்பத்தெட்டு முடிந்து, ஆபீசில் ஒரு சுவர்க்கடிகாரமும் சால்வையும் வாங்கிக்கொண்டு வந்த பிச்சைக்கனி, மறுநாள் காலையில் பல் விளக்க வெளியே வரும்போது தன் வீட்டு வாசல் நிலையில் உச்சந்தலையை இடித்துக்கொண்டார். அதற்கு மறுநாள் நெற்றியை இடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் மூக்கை. முதுகில் மருந்து டின் இல்லாததால் தான் நிமிர்ந்துவிட்டதாக நினைத்து, அவர் அதைச் சந்தோஷமாகவே பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் மனைவி பீரோவைத் திறக்கப் போனபோது பீரோவின் தலை கூரைத் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றது, அப்போதுதான் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீடுகள் முழுக்கக் கூடி வந்து பார்த்தார்கள்.

வீடு நாளுக்கு நாலு விரல் சுருங்கியது. உயரத்தில் நாலு விரல், நீளத்தில் நாலு விரல், அகலத்தில் நாலு விரல். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில், தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வரும், சுவர் ஒருமுறை நடுங்கும், அவ்வளவுதான். இப்படி நாற்பது நாள். அதற்குள் குடியிருந்தவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டால், மறுநாள் காலையில் அந்த வீடு பழைய உயரத்தில், வெள்ளையடித்து, கதவில் சாவி தொங்க நிற்கும், மதியத்துக்குள் வடக்கிலிருந்து வந்த புதிய ஆட்கள் அதில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார்கள். மற்ற எஸ்டேட்டுகளில் ஓய்வு பெற்றவர்களை வீட்டைக் காலி செய்ய வைப்பதற்குக் கடிதம் போடவேண்டும், ஆள் அனுப்பவேண்டும். வெண்பாறையில் அதெல்லாம் தேவைப்படவில்லை.

கம்பெனி என்ஜினியர் டேப்போடு வந்து அளந்துவிட்டு, குளிருக்குத் தகரம் சுருங்குவது இயற்கைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சங்கத் தலைவர் வந்து, குனிந்து உள்ளே போய், குனிந்து வெளியே வந்து, அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் இதை வைப்பதாகச் சொன்னார். ஜனங்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு தங்களுக்குத் தெரிந்த விதத்தில் அதோடு வாழப் பழகினார்கள். கட்டிலின் கால்களை அறுத்துக் கொடுப்பதற்கென்று ஒருவர் ரம்பம் வைத்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் படிப்பைக் கேட்பதற்கு முன்னால், அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்று கேட்டார்கள். வீட்டுக்குள் ரிட்டையர் என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. சுவர் கேட்டுவிடும் என்று பயந்து, ‘அந்தத் தேதி’ என்று மட்டும் சொன்னார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார்கள், வீட்டை ஏமாற்றிவிடலாம் என்பதைப்போல. அதற்கு முன்னாலெல்லாம், நாற்பது வருஷம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தது போதும், எப்போதடா உட்காருவோம் என்று பேசிக்கொண்டிருந்த ஜனங்கள்தான். இப்போது யாரும் உட்காருவதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டைவிட்டுப் போகாமல் கடைசிவரை இருந்தவர் ஒரே ஒருவர். தொழிற்சாலையில் இலை வறுக்கும் அடுப்புக்கு விறகு போட்ட மரியசிலுவை. “முப்பத்தொம்பது வருஷம் இந்தக் கம்பெனிக்கு வெந்திருக்கேன். என்னை உள்ள வச்சு எப்படிச் சுருங்குதுன்னு பார்க்கேன்” என்று சொல்லிவிட்டு, மனைவி திரேசம்மாளை வெளியே அனுப்பிக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார். நாற்பதாம் நாள் சாயங்காலம், வீடு இருந்த இடத்தில் ஈர மண் மட்டும் இருந்தது, மண்ணின் நடுவில், இரண்டு கையால் எடுக்கிற அளவில், தகரக் கூரையும் நீலக் கதவுமாக அந்த வீடு இருந்தது. தாழ் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. காதை வைத்துக் கேட்டவர்களுக்கு உள்ளே மரியசிலுவை இருமுவது கேட்டது. திரேசம்மாள் அதை ஒரு வயர்க்கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, காலை பஸ்ஸில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள் என்று உடன்போனவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு மூன்றாம் டிவிசனில் யாருக்கும் கடைசிவரை இருந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. லைனில் அந்த ஒரு வீடு மட்டும் பிறகு முளைக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சுடலைவடிவுக்கு அந்தத் தேதி வந்தது.

சுடலைவடிவு கொழுந்து பறிக்கிறவள். நாற்பது வருஷம் ஒரே டிவிசன், ஒரே லைன், கடைசிக்கு நாலாவது வீடு. அவள் புருஷன் கோமதிநாயகம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாடியிலிருந்து இலைத் தொட்டி சரிந்து இடுப்பில் விழுந்ததில், இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லாமல் போனது. தொட்டியின் சங்கிலி துருப்பிடித்திருக்கிறது என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். கம்பெனி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மனைவி வேலையில் இருக்கும் வரை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உட்கார வைத்தாலே மூச்சு முட்டும் அவரை வளைவு வளைவாக இறங்கும் பாதையில் கொண்டுபோக முடியாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கொண்டுபோனாலும் போய் இறங்குவதற்குக் கீழே அவர்களுக்கு ஒரு வீடு இல்லை. பிள்ளை இல்லை. லைனில் வேறு வீட்டில் தங்கவும் கம்பெனி விடாது. ஆகவே லைனில் மற்றவர்களுக்கு இருந்த பயத்தைவிடச் சுடலைவடிவின் பயம் பெரியது. அவள் அதை யாரிடமும் சொல்லாமல், கூடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு மலையேறி இறங்கினாள்.

ஆனால் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் அவள் ஆபீசுக்குப் போனாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் ஃபீல்டு ஆபீசர் மனுவேல்தான் அவளை மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர் வயதில் சின்னவர், லைன் ஆட்கள் அவரையும் தொரை என்றுதான் கூப்பிட்டார்கள்.

“தொரை, எனக்கு அம்பத்தெட்டு ஆகலை. அம்பத்துநாலுதான் இருக்கும்” என்றாள் சுடலைவடிவு. “எங்கப்பா என்னை வேலைக்குக் கொண்டாந்து நிறுத்தும்போது நான் சின்னப்புள்ள. அப்ப இருந்த கிளார்க்கு தலையைத் தூக்கிப் பார்க்காமலே பதினெட்டுன்னு எழுதிட்டாரு. அப்படி எழுதினாத்தான் வேலைன்னாரு.”

“ரிஜிஸ்தர்ல என்ன இருக்கோ அதான்மா வயசு” என்றார் மேனேஜர்.

“தொரை, நான் பெரியவளானது இந்த லைன்லதான். வேலையில சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சு. ரிஜிஸ்தர்ல அப்ப எனக்கு இருபது. இருபது வயசுல யாரு தொரை பெரியவளாவா?”

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். மனுவேல் தன் செருப்பைப் பார்த்தார்.

“அதுக்கு ஏதாவது சர்டிபிகேட் இருக்கா?”

“எனக்குத் தண்ணி ஊத்தின பொம்பளைங்க ரெண்டு பேரு இன்னும் ரெண்டாம் டிவிசன்ல இருக்காங்க. கூப்பிட்டுக் கேளுங்க.”

“அதெல்லாம் எழுத முடியாதும்மா. எத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, ரெஸ்ட் எடுங்க. நல்லதுதானே” என்று சொல்லிவிட்டு மேனேஜர் சுவர்க்கடிகாரம் வாங்குவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

மனுஷர்கள் ரிஜிஸ்தரைப் பார்ப்பார்கள், ஆனால் வீடு யாரைப் பார்க்கும் என்று ஒரு பேச்சு லைனில் கிளம்பியது. சுவருக்கு எழுத்துத் தெரியாதே, அவள் அந்த வீட்டிலேயே பெரியவளானவள், அவளுடைய நிஜ வயது சுவருக்குத் தெரியுமே என்று சொன்னார்கள். சுடலைவடிவும் அதை நம்பினாள். சால்வையும் கடிகாரமும் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம், லைன் முழுக்க அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். விளக்குப் போடும் நேரம் வந்தது. எதிர்மலையில் மேகம் இறங்கியது. பிறகு உள்ளே, படுத்திருந்த கோமதிநாயகத்தின் தலைமாட்டில், அந்தப் பல் கடிக்கும் சத்தம் வந்தது.

வீடும் ரிஜிஸ்தரைத்தான் பார்த்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நாட்கள் என்று சொல்ல முடியாது. சுடலைவடிவு அவற்றைச் சுவர்களாகத்தான் எண்ணினாள். கட்டிலின் காலை அறுத்தார்கள், பிறகு கட்டிலையே வெளியே எடுத்துப் போட்டு அவரைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். அடுப்பு வாசலுக்கு வந்தது. அலமாரியைப் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வாங்கி வைத்துக்கொண்டாள். சுடலைவடிவு முதலில் குனிந்து நடந்தாள், பிறகு முழங்காலில் நடந்தாள். பதினேழாம் நாள் சாயங்காலம் சத்தம் ஓய்ந்த பிறகு பார்த்தபோது, கோமதிநாயகத்தின் தலை ஒரு சுவரைத் தொட்டது, பாதம் எதிர்ச் சுவரைத் தொட்டது. அந்தப் பாதத்தில் அவருக்கு உணர்வு கிடையாது. ஆகவே அதைப் பார்த்தது அவள்தான்.

“மூலைக்கு மூலையாப் படுக்க வச்சா இன்னும் ஒரு வாரம் தாங்கும்” என்றாள்.

“அதுக்குப் பெறகு?”

அவள் பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“வடிவு, நீ வெளிய போயிரு” என்றார் கோமதிநாயகம். “என்னை உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்து. நான் ஒண்ணும் சத்தம் போட மாட்டேன். எனக்குத்தான் இருமல் கிடையாதே.”

அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

அந்தத் தேதிக்குப் பிறகும் சுடலைவடிவு காலை ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. நாற்பது வருஷமாக அந்த நேரத்துக்கு அவள் கால்கள் வேறெங்கும் போனதில்லை. கூடை இல்லாமல், ஓரமாக, சில்வர் ஓக் மரத்தடியில் நிற்பாள். மனுவேல் அவள் இருந்த இடத்தைத் தாண்டி அடுத்த பேருக்குப் போவார். பதினெட்டாம் நாள் காலையும் அப்படித்தான் நின்றாள். மனுவேல் ரிஜிஸ்தரைப் பார்த்து, “பேச்சித்தாய்” என்று கூப்பிட்டார்.

பேச்சித்தாய்க்கு அந்தத் தேதி வர நாலு மாதம்தான் இருந்தது. முந்தின சாயங்காலம் சுவர் வழியாக அந்த வீட்டுப் பேச்சு முழுவதையும் அவள் கேட்டிருந்தாள். மரத்தடியில் நின்றவளைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பயத்தில் நாக்குக் குழறி, “சுடலைவடிவு” என்று சொல்லிவிட்டாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரைத் தூக்கத்தில் இருந்த மனுவேல், காதில் விழுந்த பேரை அப்படியே எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலம் சுடலைவடிவின் வீடு நாலு விரல் சுருங்கவில்லை. இரண்டு விரல்தான் சுருங்கியது. அதே நேரத்தில் பேச்சித்தாயின் வீட்டில் சுவர் நடுங்கி, அவள் வாங்கி வைத்திருந்த அலமாரியின் தலை தகரத்தில் முட்டியது. பேச்சித்தாய் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். கரிக்கோடு போட்டு அளந்தார்கள். அங்கேயும் இரண்டு விரல்.

மறுநாள் காலை குழாயடியில் பேச்சித்தாய் அழுதாள். “வாய் தவறிச் சொன்னதுக்கு என் வீட்டையும் பிடிச்சிருச்சே. எனக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே.” சுடலைவடிவு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “மதினி, நீ இனிமே அப்படிச் சொல்லாத. இது என்னோட போகட்டும்” என்றாள். பிறகு பேச்சித்தாயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தோன்றி யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததைச் சொன்னாள். ஒரு ஆள் சொன்னதுக்கே பாதி பாதி. எழுபத்திரண்டு வீடும் சொன்னா, ஒரு வீட்டுக்கு என்ன வரும்? ஒரு நூல் கனம் வருமா?

சொல்வது எளிதாக இருந்தது. அன்று காலை பெரட்டில் பதினோரு பேர்தான் சொன்னார்கள், அதுவும் வாய்க்குள். மற்றவர்களுக்கு நாக்கு எழவில்லை. தன் வீட்டைத் தானே கூப்பிட்டுக் கடிக்கச் சொல்வது என்றால் யாருக்குத்தான் பயமாக இருக்காது? ஆனால் அந்தப் பதினோரு வீட்டிலும் சாயங்காலம் சுவர் லேசாகச் சிலிர்த்ததோடு சரி, சுண்டுவிரலில் பாதிகூடக் குறையவில்லை என்று கண்டபிறகு, மறுநாள் முப்பது பேர் சொன்னார்கள். அதற்கு மறுநாள் மனுவேல் முதல் பேரைக் கூப்பிட்டதிலிருந்து கடைசிப் பேரைக் கூப்பிட்டது வரைக்கும், ஆண்களும் பெண்களும், வடக்கிலிருந்து வந்த ஆட்கள் அவர்களுக்கு வந்த உச்சரிப்பில் ‘சுட்லாவதிவு’ என்றும், அந்த ஒரு பேரையே சொன்னார்கள். மூடுபனிக்குள்ளிருந்து ஒரே பேர் எழுபத்தொரு தடவை வந்தது. மரத்தடியில் நின்றவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எழுபத்தொன்றுதான். ஒரு வீடு சொல்லவில்லை. அது வள்ளிமயிலுடையது. அவள் கல்யாணமாகி மலையேறி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, கையில் நாலு மாதப் பெண் குழந்தை. “அக்கா, என்னை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க” என்று அவள் பேச்சித்தாயிடம் சொன்னாள். “எனக்குத் தொட்டில் கட்ட உசரம் வேணும். தரையில போட்டா அட்டை ஏறிரும். நான் என் பேரைத்தான் சொல்வேன்.” அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் காலையில் எழுபத்தொரு சுடலைவடிவுகளுக்கு நடுவில் ஒரு வள்ளிமயிலும் வேலைக்குப் போனாள்.

ஆபீசில் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. தன் பேரைச் சொல்லாதவருக்கு அன்றைக்கு ஆப்சென்ட் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஜனங்கள் ஆப்சென்ட் வாங்கிக்கொண்டே கொழுந்து பறித்தார்கள். அவர்கள் பறிக்காமல் நின்றுவிட்டால் தேயிலை முற்றிவிடும், அது ஆபீசுக்கும் தெரியும். எட்டு நாளில் ஆபீசே தாளைக் கிழித்தது. சாயங்காலங்களில் லைன் வீடுகளெல்லாம் ஒரே நேரத்தில் ஒருமுறை சிலிர்த்துக்கொள்ளும். குழந்தைகள் அந்த நேரத்தில் அம்மாக்களின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். நாளாக ஆக, எல்லா வாசலும் ஒரு விரல் தாழ்ந்தது. உயரமான ஆண்கள் குனியப் பழகினார்கள். சுடலைவடிவின் வீடு அப்படியே நின்றது. கோமதிநாயகம் மூலைக்கு மூலையாகப் படுத்து, நாள் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது நாளைத் தாண்டிவிட்டால் வீட்டுக்குப் பசி அடங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை லைனில் இருந்தது. அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நாற்பதாம் நாளைத் தாண்டின வீடு எதுவும் அதுவரை இல்லை.

முப்பத்தேழாம் நாள் காலை பெரட்டுக் களத்தில் ஒரு மேஜையும், மேஜைமேல் கட்டைவிரல் வைக்கும் மெஷினும் இருந்தன. இனிமேல் பேர் கூப்பிடுவது கிடையாது, விரலை வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான், விரல் பொய் சொல்லாது என்றார் மேனேஜர். பேச்சித்தாய் முதலில் வைத்தாள். மெஷின் சிவப்பாக எரிந்து, ஒரு பெண் குரலில், மீண்டும் முயற்சிக்கவும் என்றது. அடுத்தவள் வைத்தாள். மீண்டும் முயற்சிக்கவும். அதற்கடுத்தவள். கறையேறி, வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை எல்லாம் தேய்ந்து வழவழவென்று போன கட்டைவிரல்கள் அவை. மெஷினுக்கு அவற்றில் ஒரு ஆளும் தெரியவில்லை. அது வள்ளிமயிலின் விரலுக்கும் வடக்கத்தி ஆட்களில் சிலருடைய விரலுக்கும் மட்டும் பச்சையாக எரிந்து நன்றி சொன்னது. மேனேஜர் மற்றவர்களைத் தலை எண்ணி வேலைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப்போனார். யாரும் எந்தப் பேரையும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சுடலைவடிவின் வீட்டில் பழையபடி அந்தச் சத்தம் பெரிதாக வந்தது. நாலு விரல். மறுநாளும் மெஷின், மறுநாளும் நாலு விரல். கோமதிநாயகத்தின் தலை ஒரு மூலையில் இடித்தது, பாதம் எதிர் மூலையில் வளைந்தது. மூலைக்கு மூலையும் முடிந்துவிட்டது. சுடலைவடிவு அவருடைய முழங்கால்களை மடக்கி வைத்து, மடங்கிய முழங்கால்களைக் கட்டிக்கொண்டு வாசலில் பாதியும் உள்ளே பாதியுமாகக் கிடந்தாள். பேச்சித்தாய் எவ்வளவோ இழுத்துப் பார்த்தும் அவள் வெளியே வரவில்லை. இன்னும் இரண்டு சாயங்காலம் இருந்தது, எட்டு விரல். அந்த எட்டு விரலுக்கு அவர் உடம்பில் இடமில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் காலை மேனேஜர் வரவில்லை. மேஜைக்குப் பின்னால் மனுவேல் மட்டும் நின்றார், அவர் அக்குளில் பழைய ரிஜிஸ்தர் இருந்தது. மரத்தடியில் யாரும் இல்லை, சுடலைவடிவு முதல்தடவையாகப் பெரட்டுக்கு வரவில்லை. எழுபத்திரண்டு பேரும் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வள்ளிமயில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் விரலை வைத்தாள். மெஷின் பச்சையாக எரிந்து, வள்ளிமயில், நன்றி என்றது. அவள் நகரவில்லை.

“போம்மா, விழுந்திருச்சு” என்றார் மனுவேல்.

“சார், என் பேரு சுடலைவடிவு. எழுதுங்க.”

“மெஷின் உன் பேரைச் சொல்லிருச்சே.”

“மெஷின் சொன்னா சொல்லட்டும். நான் சொல்றதை நீங்க ரிஜிஸ்தர்ல எழுதுங்க.”

மனுவேல் குரலைத் தாழ்த்தினார். “உனக்கு என்னம்மா தலையெழுத்து? உன் வீடு ஒண்ணுதானே முழுசா இருக்கு?”

“அதான் சார்” என்றாள் வள்ளிமயில். “எல்லா வீடும் தாழ்ந்துபோச்சு. என் வீடு மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. சாயங்காலம் எல்லாச் சுவரும் ஒண்ணாச் சிலிர்க்கும்போது என் வீடு மட்டும் சும்மா இருக்கு, அடுத்து யாரைன்னு யோசிக்கிற மாதிரி. அதுக்குள்ள புள்ளையை வச்சுக்கிட்டுத் தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு. எழுதுங்க சார்.”

மனுவேல் ஜீப் வரும் பாதையைப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்தரை மெஷினின் மேலேயே விரித்து வைத்து எழுதினார். அவளுக்குப் பின்னால் பேச்சித்தாய் வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள், ஒவ்வொருவரும் அந்தப் பேரைச் சொன்னார்கள், சொல்லும்போது ஒவ்வொருவருக்கும் பல் கிட்டியது. அன்று சாயங்காலம் எழுபத்திரண்டு வீடும் சிலிர்த்தது. தொட்டில் கயிற்றை வள்ளிமயில் ஒரு முடிச்சு ஏற்றிக் கட்டினாள்.

நாற்பதாம் நாள் சாயங்காலம் யாரும் தங்கள் வீட்டில் இருக்கவில்லை. எல்லோரும் சுடலைவடிவின் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்மலை மறைந்தது. விளக்குப் போடும் நேரம் வந்தபோது யாரும் விளக்குப் போடவில்லை. சத்தம் வந்தது. தலைமாட்டிலிருந்து கிளம்பி, சுவர் சுவராக, லைன் முழுக்க ஒரு கோடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பிறகு நின்றது. ரொம்ப நேரம் கழித்து, இடுப்பளவு உயரமே இருந்த அந்த வீட்டுக்குள்ளிருந்து கோமதிநாயகத்தின் குரல் கேட்டது.

“வடிவு, தண்ணி கொண்டா.”

நாற்பத்தோராம் நாள் சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அந்த வீடு பழைய உயரத்துக்குத் திரும்பவும் இல்லை. சுடலைவடிவு அதில் தவழ்ந்துதான் போய் வந்தாள். கோமதிநாயகம் முழங்காலை மடக்கித்தான் படுத்திருந்தார். அவளுடைய வயதை ரிஜிஸ்தரில் யாரும் திருத்தவில்லை. திருத்தச் சொல்லி லைன் ஆட்கள் எல்லோரும் பெருவிரல் வைத்து அனுப்பிய மனுவுக்குப் பதில் வரவில்லை. வெளியே எல்லோரும் அவளைப் பார்க்க வந்தார்கள், சிலர் சந்தோஷப்பட்டார்கள், ஆனால் உள்ளுக்குள் யாருக்கும் பயம் போகவில்லை. அடுத்த மாதக் கடைசியில் மூன்று பேருக்கு அந்தத் தேதி இருந்தது. அதற்கடுத்து பேச்சித்தாய். அதற்கடுத்து வரிசையாக. முதல் நாளிலிருந்தே பங்கு போட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் எல்லா வீடும் இரண்டு விரல் கொடுக்கவேண்டும் என்றால், கடைசி ஆளுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று ஆண்கள் சாயாக் கடையில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த மூன்று பேருக்கும் கடிகாரம் கொடுத்த மறுநாள், புதிய மாதத்தின் முதல் காலை, பெரட்டுக் களத்தில் முன் நிற்கிறவர் முதுகு தெரியாத அளவுக்கு மூடுபனி இருந்தது. மேஜைமேல் மெஷின் இருந்தது. மனுவேல் ரிஜிஸ்தரைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வரிசை காத்திருந்தது.

“வர்ற மாசம் எனக்கும் அம்பத்தெட்டு” என்றார். “ஆபீஸ் குவார்ட்டர்ஸ்தான். வீட்டுல படுத்த படுக்கையா அம்மா இருக்காங்க.” அவர் ரிஜிஸ்தரை மாற்றிப் பிடித்தார். “எனக்கும் சொல்லுவீங்களா?”

இந்த மனுஷன் எட்டு நாள் தங்களுக்கு ஆப்சென்ட் போட்டவர் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஜீப் வரும் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தப் பேரை எழுதினவர் என்பதும் நினைவிருந்தது. தாழ்ந்துபோன தங்கள் கூரைகளும் நினைவிருந்தன. பேச்சித்தாய் சுடலைவடிவைப் பார்த்தாள், சுடலைவடிவு தரையைப் பார்த்தாள்.

வள்ளிமயில் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“இன்னைக்கு மூணு பேருக்குச் சொல்லணும். முதல்ல பேரைக் கூப்பிடுங்க சார்” என்றாள்.

மனுவேல் மெஷினை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, ரிஜிஸ்தரைத் திறந்தார்.